மான்கள் இருந்த சுவர்
(நம் குடியிருப்பின் பொங்கல் விழாவில் பேசியது)

"என்ன சார், ஷோகேஸ் முழுக்க பழைய டைல்ஸ் வெச்சிருக்கீங்க?" என்று லிஃப்டில் கேட்பவர்களுக்கு இன்று பதில் சொல்லிவிடுகிறேன்.

வங்கியில் ஓய்வு பெற்றபின், காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவின் பழம்பொருள் கடைகளுக்குப் போக ஆரம்பித்தேன். முதலில் கண்ணில் பட்டது ஆறு அங்குலச் சதுரத்தில் ஒரு மயில். திருப்பிப் பார்த்தால், ஜப்பானில் செய்தது என்று அச்சு!

இங்கிலாந்தில் 19-ஆம் நூற்றாண்டில், இயந்திரச் சரக்கு அலுத்துப்போய்க் கைவேலைக்குத் திரும்பியவர்களில் ஒருவர் வில்லியம் டி மார்கன் (1839–1917). பறவைகளையும் விலங்குகளையும் டைலில் வரைந்தவர். ஆங்கில டைல்களைப் பார்த்துப் பிறகு ஜப்பானும் செய்து ஏற்றுமதி செய்தது. பர்மா, மலேயாவில் பொருள் ஈட்டிய நகரத்தார் அவற்றை வாங்கி வீட்டுச் சுவர்களில் பதித்தார்கள். ஆத்தங்குடிக் கல் வேறு; அது கண்ணாடிமேல் வார்க்கும் சிமென்ட் கல், சூளையில் சுடுவதில்லை.

ஒருமுறை நான்கு மான் டைல்கள் வாங்கினேன். சில மாதம் கழித்து, செட்டிநாட்டுக் கிராமம் ஒன்றில் பெரிய வீடு பார்க்கப் போனோம். முகப்புச் சுவரில் வரிசையாக நான்கு சதுரம் காலி. சுண்ணாம்பு மட்டும் தெரிந்தது. வீட்டைப் பார்த்துக்கொள்ளும் ஆச்சி சொன்னார்: "மான் இருந்துச்சு தம்பி. பங்காளிக வித்துட்டாக. சின்னப்புள்ளையில அதைத் தொட்டுட்டுத்தான் பள்ளிக்கூடம் போவேன்."

அன்றிரவு தூக்கம் வரவில்லை. முப்பத்தைந்து வருடம் பேரேடு எழுதியவன் நான். என் கணக்கில் வரவு என்றால் இன்னொருவர் கணக்கில் பற்று இருக்குமே! அடுத்த வாரம் நான்கையும் துணியில் சுற்றி எடுத்துப் போனேன். ஆச்சி கையால் தடவிப் பார்த்து, "இது இல்ல தம்பி. எங்க மானு திரும்பிப் பாக்கும்" என்றார். நான் வாங்கிய மான்கள் எந்தச் சுவரில் இருந்தன என்று கடைக்காரருக்கும் தெரியவில்லை.

அதற்குப்பின் நான் டைல் வாங்குவதில்லை. சுவரிலேயே படம் பிடித்து வருகிறேன்.

நம்மில் பலருக்குச் சொந்த ஊரில் பூர்வீக வீடு உண்டு. இடிக்கத்தான் வேண்டுமென்றால், முதலில் ஒவ்வொரு சுவரையும் போட்டோ எடுங்கள். கழற்றும் டைலின் பின்னால் ஊர், வீடு, அறையின் பெயரைப் பென்சிலால் எழுதுங்கள். ஒரு நிமிட வேலைதான். யாராவது ஒருநாள் தேடி வருவார்கள்.