கடற்காட்சி விற்பனைச் சரக்கல்ல



மும்பையின் மெரைன் டிரைவில் உழைத்துக் களைத்தவரும் மாலையில் காசின்றிக் கடலைக் காண்கிறார். சாலைக்கும் கடலுக்கும் இடையே கட்டட வரிசை இல்லை. கிழக்குக் கரையிலோ துறைமுக மதில்கள் நெடுங்காலமாகக் கடலை மறைத்துள்ளன. அப்பொதுநிலத்தை மறுவளர்ச்சிக்குத் திறக்க இன்று திட்டமிடுகின்றனர். மதில் போய் மாளிகை வந்தால் மக்களுக்கு என்ன மிச்சம்?

கடலோர நகரங்களில் 1991ஆம் ஆண்டு அளவிலேயே நிறுத்தப்பட்டிருந்த தளப்பரப்புக் குறியீட்டை, ஒன்றிய அரசின் 2019 ஜனவரி அறிவிக்கை விடுவித்துவிட்டது. கட்டடங்கள் இனி மேலும் உயரும்.

எனவே கடல் நோக்கிய தெருக்களை மறைக்கத் தடை, கரையோரக் கட்டடங்களுக்கு உயர வரம்பு, தொடர்ச்சியான பொது நடைபாதை, துறைமுகத் தொழிலாளருக்கும் மீனவருக்கும் அங்கேயே குடியிருப்பு ஆகியவற்றைத் திட்ட ஆவணத்திலேயே எழுதுமாறு போராடுவோம். கட்டி முடித்தபின் காட்சியை மீட்க இயலாது.