குடிமக்களுக்கு வேண்டிய ஆங்கிலம்

(நமது பங்கின் பொன்விழாவை முன்னிட்டு நடைபெறும் மாலை வகுப்பின் தொடக்க நாளில் பங்குத் தந்தை ஆற்றிய உரை)



பொன்விழாவுக்கு என்ன செய்யலாம் என்று பங்குப் பேரவையைக் கூட்டிக் கேட்டபோது, கொடிமரத்திற்குப் பித்தளைத் தகடு, கெபிக்குப் புதுத் தரை, தேருக்குப் புதுச் சக்கரம் என்று பல யோசனைகள் வந்தன. அவற்றுள் சில நிறைவேறியும் விட்டன. நன்கொடையாளர் பெயர்கள் மலரில் வெளிவரும். யார் பெயராவது விடுபட்டால் நம்மிடம் சண்டைக்கு வரலாம். நாம் கேட்டது வேறொன்று. வாரத்தில் ஒரு மாலை, ஒரு மணி நேரம், பெரியவர்களுக்கு ஆங்கிலம். "சாமி, பிள்ளைகள்தான் இங்கிலீஷ் மீடியத்தில் படிக்கிறார்களே, இந்த வயதில் எங்களுக்கு எதற்கு?" என்று மாதர் சங்கத்தார் கேட்டனர். நியாயமான கேள்விதான். அதற்கு விடை சொல்ல, நம்முடைய தவறு ஒன்றை முதலில் சொல்லியாக வேண்டும்.

நாம் குருப்பட்டம் பெற்ற மறு ஆண்டு, 1999இல், வேறொரு பங்கில் உதவிப் பங்குத் தந்தையாக இருந்தோம். ஒருநாள் காலைப் பூசை முடிந்ததும் ஒரு பாட்டி, முந்தானையில் சுற்றிய காகிதம் ஒன்றைக் கொண்டு வந்தார். மருமகனின் தம்பி லாரி வாங்கக் கடன் எடுக்கிறான், இதில் கையெழுத்துக் கேட்கிறான், போடலாமா சாமி என்றார். காகிதம் முழுக்க ஆங்கிலம். நாமோ குருமடத்தில் தத்துவமும் இறையியலும் ஆங்கிலத்தில் படித்தவர். இலத்தீனிலும் கொஞ்சம் தேர்ச்சி உண்டு. பார்த்தோம். 'ஷ்யூரிட்டி' என்றிருந்தது. சாட்சிக் கையெழுத்துப் போலும் என்று எண்ணி, "போடுங்கள் ஆயா, ஒன்றுமில்லை" என்றோம்.

இரண்டு ஆண்டுகள் கழித்து அவருக்கு நோட்டீஸ் வந்தது. லாரிக்காரன் தவணை கட்டவில்லை. ஷ்யூரிட்டி என்றால் சாட்சி அல்ல, ஜாமீன். 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம், 128ஆம் பிரிவு, வேறுவிதமாக எழுதிக்கொண்டால் ஒழிய, கடன் வாங்கியவனுக்கு எவ்வளவு பொறுப்போ அவ்வளவும் ஜாமீன்தாரருக்கும் உண்டு என்கிறது. பாட்டியிடம் இருந்தது ஒன்றரை ஏக்கர் குச்சிக்கிழங்குக் காடு. அதில் இருபது சென்ட் போயிற்று. அவர் நம்மை ஒரு வார்த்தை கேட்கவில்லை. அடுத்த ஞாயிறும் வழக்கம்போல் முன் வரிசையில்தான் முழந்தாளிட்டிருந்தார். அன்று பிரசங்கம் சொல்ல நமக்கு நா எழவில்லை.

இதில் ஒன்றைக் கவனியுங்கள். 'ஜாமீன்' என்று ஒரே ஒரு சொல் நம் வாயிலிருந்து வந்திருந்தால் போதும், பள்ளிக்கூட வாசலை மிதித்தறியாத அந்தப் பாட்டி வெடுக்கென்று கையை இழுத்துக்கொண்டிருப்பார். ஜாமீன் நின்று கெட்டவர்கள் கதை பத்தாவது அவருக்குத் தெரியும். அறிவு அவரிடம் இருந்தது. இல்லாதது அந்தச் சொல் ஒன்றுதான். படித்த நம்மிடமோ அந்தச் சொல்லும் இல்லை.

நம் பக்கத்து மக்களுக்கு ஆங்கிலம் வராது என்பதை நாம் ஒப்புக்கொள்வதில்லை. நாமக்கல் லாரிப் பட்டறைக்குப் போய்ப் பாருங்கள். எஃப்.சி., ஆர்.சி., நேஷனல் பெர்மிட், ஹைப்பாதிகேஷன் என்று ஆங்கிலம் அருவியாய்க் கொட்டும். திருச்செங்கோட்டு ரிக் வண்டியில் வடநாடு சுற்றிய தம்பிமார் நம்மைவிட நன்றாகவே பேசுவார்கள். தொழிலுக்கு வேண்டிய ஆங்கிலம் தானாக வந்துவிட்டது. குடிமக்களாக நிற்பதற்கு வேண்டிய ஆங்கிலந்தான் வரவில்லை.

கிராம சபையை எடுத்துக்கொள்வோம். 2022 முதல் நம் மாநிலத்தில் ஆண்டுக்கு ஆறு நாட்கள் கிராம சபைக்கென்று குறிக்கப்பட்டுள்ளன. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. அங்கே "கோரம் இல்லை" என்று சொல்லிக் கூட்டத்தைக் கலைத்தால், எது கோரமாக இருந்தது என்று நம்மவர் திகைக்கிறார்கள்! கூட்டம் செல்லுபடியாக வந்திருக்க வேண்டிய குறைந்த அளவு ஆட்கள் என்று பொருள். ஐந்நூறு பேருக்கு உட்பட்ட ஊராட்சியில் 50 பேர். பத்தாயிரத்துக்கு மேற்பட்டால் 300 பேர். இது தெரிந்தால் அடுத்த முறை பக்கத்து வீட்டாரையும் அழைத்துப் போகலாம் அல்லவா? திங்கட்கிழமை கலெக்டர் அலுவலகத்தில் மனுக் கொடுத்துவிட்டு வெறுங்கையோடு திரும்புகிறவர்களும் உண்டு. 'அக்னாலெட்ஜ்மென்ட்' என்னும் ஒப்புகைச் சீட்டைக் கேட்டு வாங்குவது நமது உரிமை. அதில் உள்ள எண் இருந்தால், 2005ஆம் ஆண்டின் தகவல் உரிமைச் சட்டப்படி, மனு என்னவாயிற்று என்று பத்து ரூபாய்க் கட்டணத்தில் பின்னர் கேட்கலாம். முப்பது நாளில் பதில் தந்தாக வேண்டும்.

'நேட்டிவிட்டி' என்ற சொல்லில் நாமே ஒருமுறை தடுமாறினோம். குருமடத்தில் அது ஆண்டவருடைய பிறப்பு, அல்லது செப்டம்பர் 8 மாதாவின் பிறப்பு விழா. தாலுகா அலுவலகத்திலோ பிறப்பிடச் சான்றிதழ்!

இவை எளியவை. 'கம்யூனிட்டி' என்னும் சொல்தான் கடினம். நம் கன்னியர் மடத்துச் சகோதரிகள் "எங்கள் கம்யூனிட்டியில் நான்கு பேர்" என்பார்கள். ஒரே கூரையின் கீழ் ஒரே செபத்தில் வாழ்வோர் என்று பொருள். மறைமாவட்டக் கூட்டங்களில் அடிப்படைக் கிறிஸ்தவ கம்யூனிட்டி என்பார்கள். அதற்கு 'அன்பியம்' என்ற அழகிய தமிழ்ப் பெயர் உண்டு. அகராதியில் சமுதாயம் என்றிருக்கும். பிள்ளையைப் பள்ளியில் சேர்க்கக் 'கம்யூனிட்டி சர்டிபிகேட்' வாங்கப் போனால், அங்கே அதற்கு ஒரே பொருள், சாதி. ஒன்றாய் வாழ்தலைக் குறிக்கும் சொல், பிரித்து எழுதும் காகிதத்திற்குப் பெயராகிவிட்டது.

அந்தக் காகிதத்தில் என்ன எழுதப்படுகிறது என்பது இங்கே அமர்ந்திருக்கும் பல குடும்பங்களின் வாழ்வை நிர்ணயிக்கிறது. 1950ஆம் ஆண்டின் பட்டியல் சாதிகள் ஆணையில் மூன்றாம் பத்தி, இந்து சமயத்தாரை மட்டுமே ஏற்றது. 1956இல் சீக்கியரும் 1990இல் பௌத்தரும் சேர்க்கப்பட்டனர். கிறிஸ்தவர் சேர்க்கப்படவில்லை. தமிழ்நாட்டில் பட்டியல் சாதியிலிருந்து கிறிஸ்தவரானோர், எத்தனை தலைமுறைக்கு முன் ஆகியிருந்தாலும், பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் வைக்கப்பட்டுள்ளனர். 2022இல் மத்திய அரசு, முன்னாள் தலைமை நீதிபதி கே.ஜி. பாலகிருஷ்ணன் தலைமையில் இதை ஆராய ஓர் ஆணையம் அமைத்தது. 2023 ஏப்ரல் 19 அன்று நமது சட்டமன்றம், கிறிஸ்தவர்க்கும் அவ்வுரிமையை நீட்டிக்கும்படி தீர்மானம் நிறைவேற்றியது. ஞானஸ்நானப் பதிவேட்டில் ஒரு பெயரும் தாலுகா அலுவலகத்தில் வேறொரு பெயருமாக வாழ நேர்ந்தவர்களைப் பற்றித் தீர்ப்புச் சொல்ல நாம் வரவில்லை. ஆனால் ஆணை, பத்தி, திருத்தம், ஆணையம் என்று தமிழில் நாம் சொன்னவை யாவும் ஆங்கிலச் சொற்களாகவே செய்தித்தாளிலும் நீதிமன்றத்திலும் வருகின்றன. தம்மைப் பற்றிய வழக்கைத் தாமே வாசிக்க இயலாதிருப்பது பெருங்குறையாகும்.

1956லேயே தமிழ் ஆட்சிமொழியாகிவிட்டதே, அலுவலகம் நம்மிடம் தமிழில் பேசட்டும் என்று நம் தமிழாசிரியர் ஒருவர் கடிந்துகொண்டார். முழுக்க முழுக்கச் சரி. அதைக் கேட்டு வாங்கவும் வேண்டும். ஆனால் வங்கியும் காப்பீடும் உயர்நீதிமன்றமும் அதுவரை காத்திருக்கப் போவதில்லை. வெளிநாட்டவரான தத்துவ போதகர் 1623இல் சேந்தமங்கலத்திற்கும் சேலத்திற்கும் வந்தபோது, நம் சொற்களைக் கற்றுக்கொண்டுதானே வந்தார்? அதனால் அவர் தாய்மொழிக்குக் குறை ஒன்றும் வந்துவிடவில்லை.

புனித சின்னப்பர் உரோமைக் குடியுரிமை பெற்றவர் என்பது உங்களுக்குத் தெரியும். பிலிப்பி நகரில் விசாரணையின்றி அவரைத் தடியால் அடித்துச் சிறையிலிட்டார்கள். தாம் உரோமைக் குடிமகன் என்பதை அவர் அங்கே அடிபட்ட பிறகு, மறுநாள் சொன்னார். யெருசலேமில் வாரால் கட்டியபோதோ, அடி விழுமுன்னரே நூற்றுவர் தலைவனிடம் ஒரு கேள்வி கேட்டார். ஆயிரத்தலைவனே அஞ்சிப் பின்வாங்கினான். அதே மனிதர், அதே உரிமை. சொன்ன நேரந்தான் வேறு. நம் பாட்டிக்கு நாம் சொல்லக் கற்றது பிலிப்பிக் கணக்கில் சேரும்.

வகுப்பு வியாழன்தோறும் மாலை ஏழு மணிக்கு. இலக்கண நூல் வேண்டாம், நோட்டும் வேண்டாம். வீட்டுப் பெட்டியில் இருக்கும் ஆங்கிலக் காகிதம் ஏதேனும் ஒன்றைக் கொண்டு வாருங்கள்: காப்பீட்டுப் பத்திரம், நகைக் கடன் சீட்டு, மருத்துவமனையில் கையெழுத்து வாங்கிய தாள், எதுவானாலும் சரி. பணத்தொகை தெரியக்கூடாது என்றால் அந்த இடத்தை மறைத்துக்கொள்ளலாம். நம் பங்கைச் சேர்ந்த கல்லூரி மாணவியர் மூவர் சொல்லித்தர இசைந்துள்ளனர். அவர்களை "டீச்சர்" என்றே அழையுங்கள், பேத்தியாக இருந்தாலும் சரி. நாமும் கடைசி வரிசையில் அமர்ந்து கற்போம். மூக்குக் கண்ணாடியை மறந்துவிட்டு வர வேண்டாம். முதல் நாள் பாடத்திற்கான சொல்லை மட்டும் நாமே கரும்பலகையில் எழுதி வைத்திருக்கிறோம்: ஷ்யூரிட்டி.