நம் பாடும் ஆண்டவரின் பாடுகளும்



பழவேற்காடு ஏரியை நம்பி வாழும் நம் மக்களிடம் 'பாடு' என்றொரு சொல் உண்டு. எந்த நாளில், எந்த நீர்ப்பகுதியில், யார் வலை போடுவது என்று ஊர் கூடிச் சீட்டுப் போட்டு முறை வைத்துக்கொள்வதே பாடு. ஆண்டவர் நமக்காகச் சுமந்த துன்பங்களையும் திருச்சபையில் நாம் 'பாடுகள்' என்றே சொல்கிறோம். இந்த இரண்டையும் சேர்த்து இன்று சிந்திப்போம்.

கடலுக்கும் உப்பங்கழிக்கும் நடுவே, காட்டுப்பள்ளி முதல் பழவேற்காடு வரை, மணல் திட்டில் வாழ்கிறோம். 2004இல் ஆழிப்பேரலையைக் கண்டோம். 2017 ஜனவரியில் எண்ணூருக்கு அருகே இரு கப்பல்கள் மோதி, கடலில் எண்ணெய் கலந்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு வந்த எண்ணெய், எண்ணூர்க் கழிமுகத்தில் படகிலும் வலையிலும் அப்பியது. முகத்துவாரத்தில் மணல் அடைத்தால் ஏரிக்கு மீன்வரத்து குறைகிறது. துறைமுக விரிவாக்கம் பற்றிய பேச்சு எழும்போதெல்லாம், "நம் பிள்ளைகளுக்கு இந்தத் தொழில் மிஞ்சுமா?" என்று வீட்டுக்கு வீடு கேட்கிறோம்.

யோவான் நற்செய்தியின் 21ஆம் அதிகாரத்தில், திபேரியக் கடலில் இரவெல்லாம் பாடுபட்ட ஏழு சீடர்களுக்கு ஒரு மீனும் கிடைக்கவில்லை. விடியலில் கரையில் நின்ற உயிர்த்த ஆண்டவர் அவர்களைக் கடிந்துகொள்ளவில்லை. மீன் ஏதும் பட்டதா என்று விசாரிக்கிறார். இல்லை என்கிறார்கள். வலை வெறுமை என்று ஆண்டவரிடம் உள்ளபடி சொல்வது நம்பிக்கைக் குறைவு ஆகாது, அதுவும் செபமே. அதன் பிறகுதான் வலை நிறைகிறது.

இன்னொன்றையும் கவனிப்போம். அவர்கள் கரையேறும்போது தீ மூட்டப்பட்டு, அதன்மேல் மீன் வெந்துகொண்டிருக்கிறது. ஆனாலும் அவர்கள் பிடித்ததிலிருந்தும் கொண்டுவரச் சொல்கிறார். அருள் முந்திக்கொள்கிறது, நம் உழைப்பையும் அது கேட்டு வாங்கிக்கொள்கிறது. அன்று அந்த மீனைப் பரிமாறிய கைகளில் ஆணித்தழும்பு இருந்தது. பாடுகளைக் கடந்து வந்தவரே நம் கரையில் நிற்கிறார். இதுவே கிறிஸ்தவ எதிர்நோக்கு.

2025 யூபிலி ஆண்டின் இலச்சினையில் சிலுவையின் அடிப்பகுதி நங்கூரமாக முடிவதைப் பார்த்திருப்போம். நங்கூரம் புயலை நிறுத்தாது. புயலில் படகு அடித்துப் போகாமல் பிடித்துக்கொள்ளும். எபிரேயர் திருமுகமும் எதிர்நோக்கை நங்கூரத்துக்கே ஒப்பிடுகிறது.

ஆகவே, எதிர்நோக்கு உள்ளவர்கள் கைகட்டி உட்கார்ந்திருக்க முடியாது. ஏரிக்காகவும் தொழிலுக்காகவும் உரிய இடத்தில், அமைதியாக, ஒன்றாகப் பேசுவோம். பேசும்போது, சேற்றில் இறங்கிக் கையால் தடவி இறால் பிடிக்கும் இருளர் சகோதர சகோதரிகளை மறவாதிருப்போம். ஏரி கெட்டால் அவர்கள் உலையும் ஏறாது. ஆனால் நம் பாட்டில் அவர்களுக்குப் பங்கில்லை. பாடு என்பது பகிர்ந்துகொள்வது என்றால், அந்தப் பகிர்வு நம் தெருவோடு நின்றுவிடலாமா? இந்த வாரம் வலை வெறுமையாய்த் திரும்பிய ஒரு வீட்டின் அடுப்பு எரிய நாம் காரணமாவோம். கரையில் ஆண்டவர் மூட்டிய தீ அப்படித்தான் நம்மிடையே அணையாதிருக்கும்.

மகிமை அன்னை நமக்காகப் பரிந்து பேசுவாராக. ஆமென்.