கண் எனும் அமானிதம்

 

எல்லாப் புகழும் அல்லாஹ்வுக்கே. அவன் நம்மிடம் ஒப்படைத்துள்ள பேரமானிதம் கண்பார்வை. கண் நீர் அழுத்த நோய்க்காகக் குழாய் பொருத்திக்கொண்டோர் அதனைப் பேணும் முறை குறித்து இன்று சிந்திப்போம்.

கண்ணுக்குள் ஒரு நீர் இடைவிடாது சுரந்து வடிகிறது. வடிகால் தடைப்பட்டால் அழுத்தம் உயர்ந்து பார்வை நரம்பு பழுதாகும். இதனையே கிளாக்கோமா என்பர். இவ்வாறு இழந்த பார்வை மீளாது; எஞ்சியதைக் காக்க மட்டுமே இயலும். மருந்துக்கு அடங்காதபோது மருத்துவர்கள் மெல்லிய சிலிக்கோன் குழாயைப் பொருத்தி மாற்று வடிகால் அமைக்கின்றனர். வெளிநாட்டிலிருந்து அதிக விலைக்கு வந்த இக்கருவியை, மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையைச் சார்ந்த ஆரோலேப் நிறுவனம் 2013 முதல் குறைந்த விலையில் தயாரித்து வழங்குகிறது.

எனினும், குழாய் பொருத்தியதோடு கடமை முடிந்துவிடாது. இக்குழாயில் அடைப்பிதழ் இல்லாமையால், தானே கரையும் நூலால் அதனைக் கட்டிவிடுகின்றனர். நூல் கரைய ஏறத்தாழ 5, 6 வாரங்களாகும். அதுவரை அழுத்தம் உயர்ந்தே இருக்கக்கூடும். கட்டு அவிழும்போது அது திடீரெனத் தாழவும் கூடும். மிகத் தாழ்வதும் தீங்கே. பின்னர், குழாயோடு இணைந்த தகட்டைச் சுற்றித் தழும்புத் திசு தடித்தால் அழுத்தம் மீண்டும் உயரும். ஆகவே பலருக்குச் சொட்டு மருந்து தொடர்ந்து தேவைப்படும். அழுத்தம் பெரும்பாலும் வலியின்றியே உயர்வதால், "நமக்கு நலமாகிவிட்டது" எனக் கருதி மருந்தையோ பரிசோதனையையோ நிறுத்துவது ஆபத்தாகும்.

ரமலானில் பகல் மருந்தை நிறுத்துவோர் நம்மிடையே உளர். கண்ணில் மருந்திடுவதால் நோன்பு முறியாது என்பதே ஷாஃபிஈ, ஹனஃபி ஆகிய இரு மத்ஹபுகளின் சட்டம். தொண்டையில் கசப்பு தெரிந்தாலும் முறியாது. சொட்டு விட்டபின் கண்ணை மூடி, மூக்கையொட்டிய கண்முனையை இரண்டு நிமிடம் மெல்ல அழுத்தினால் மருந்து தொண்டைக்கு இறங்குவதும் குறையும்.

தலை தாழும்போது கண் அழுத்தம் சற்று உயரும். மருத்துவர் குனிய வேண்டாமென்று கூறும் நாள்வரை, ருகூஉ, சுஜூதுகளைச் சைகையால் நிறைவேற்ற மார்க்கம் சலுகை தருகிறது. ஒளூச் செய்கையில் கண்ணில் நீர் படக்கூடாதெனில் அதற்குரிய சட்டத்தை ஆலிம்களிடம் கேட்டறிந்து கொள்ளுங்கள்.

சாரல் காலத்தில் குற்றாலம் நம்மை அழைக்கும். ஆனால் கண்ணில் குழாய் உள்ளவர், மருத்துவர் அனுமதியின்றி அருவியில் தலை கொடுத்தல் தகாது. நீரின் வேகமும் அழுக்கும் கண்ணுக்குக் கேடு. கண்ணைக் கசக்குவதும் ஆகாது. கண் சிவத்தல், வலி, பீளை, பார்வை மங்கல் ஆகியவற்றுள் ஒன்று தோன்றினும் அன்றே மருத்துவரிடம் செல்ல வேண்டும். திருநெல்வேலியில் 1988 முதல் அரவிந்த் கண் மருத்துவமனை இயங்கி வருகிறது.

இந்நோய் குடும்பத்தில் தொடரக்கூடியது. எனவே நோயாளியின் பிள்ளைகளும் உடன்பிறந்தோரும் கண்ணைப் பரிசோதித்துக் கொள்ளட்டும். முதியோரைக் குறித்த நாளில் மருத்துவரிடம் அழைத்துச் செல்வதை நம் இளைஞர்கள் நற்செயலாக ஏற்கட்டும். வல்ல அல்லாஹ் நம் பார்வையைப் பாதுகாப்பானாக! ஆமீன். வஸ்ஸலாம்.