காதுக்கு ஸ்பெயார் பார்ட்ஸ் இல்லை

(வவுணதீவில், விவசாய இயந்திரம் திருத்தப் பழகும் மாணவர்களிடமும் பெற்றோரிடமும் ஆற்றிய உரை)



வலையிறவுப் பாலத்தைத் தாண்டினால் வயல்தான். மாடு பூட்டிய இடத்தில் இன்று லேண்ட்மாஸ்டர்; அரிவாள் பிடித்த இடத்தில் வெட்டு மெஷின். அவை பழுதானால் ஊர் உங்களைத்தான் தேடும். நல்ல தொழில். ஆனால் பட்டறையில் கை வெட்டுப்பட்டால் இரத்தம் வரும், எல்லோரும் ஓடி வருவார்கள். காது போகும்போது பெரும்பாலும் வலிகூட இராது.

என் அப்பா தேயிலைத் தொழிற்சாலையில் ரோலரில் நின்றவர். வீட்டிலும் கத்தித்தான் பேசுவார். கோபக்காரர் என்று பயந்து ஒதுங்கினோம். அது கோபமில்லை, காது கேட்கவில்லை என்று பிந்தித்தான் விளங்கியது. 'பல்' என்றாலும் 'கல்' என்றாலும் அவருக்கு ஒன்றுதான். பேரப்பிள்ளையின் மழலையும் அவருக்குக் கேட்காமலே போயிற்று.

உட்காதில் மயிர் போன்ற நுண்ணிய கலங்கள் ஏறக்குறைய 15,000 உண்டு. பெருஞ்சத்தம் அவற்றைச் சாகடிக்கும். செத்தவை திரும்ப முளைக்காது.

ஒரு கணக்கை மனதில் வையுங்கள். 85 டெசிபல் சத்தத்தில் ஒரு நாளைக்கு 8 மணித்தியாலம்தான் எல்லை. ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் நேரம் பாதியாகும்: 88இல் 4 மணித்தியாலம், 91இல் 2, 100இல் வெறும் 15 நிமிடம். இரும்பை அறுக்கும் கிரைண்டர் 100ஐத் தொடக்கூடியது. அளக்கக் கருவி இல்லையா? கை நீட்டும் தூரத்தில் நிற்பவரிடம் கத்திப் பேச வேண்டியிருந்தால் சத்தம் மிஞ்சிவிட்டது. வேலை முடிந்து காது 'கூ' என்று இரைந்தால் அது எச்சரிக்கை.

பஞ்சு அடைப்பது போதாது. கிரீஸ் படிந்த கையால் காதடைப்பானைத் தொடாதீர்கள்; பட்டறைக்கு இரு காதையும் மூடும் காதுமூடியே வசதி. கழன்ற சைலன்சரை முதலில் பூட்டிவிட்டு எஞ்சினை ஓடவிடுங்கள். கிரைண்டர் பிடிக்காதவர்கள் தள்ளி நில்லுங்கள். காதுமூடி போட்டவனைக் கேலி செய்யாதீர்கள்.

பெற்றோரே, தோட்டத்தில் புல்வெட்டும் மெஷின் தூக்கும் தோழர்களே, தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம் வந்தது 1942இல். சட்டம் கடதாசியில் இருந்தால் காதுக்குக் காவல் ஆகாது. ஸ்பெனர் வாங்கும் பட்டியலிலேயே காதுமூடியும் இருக்க வேண்டும். அதைத் தொழிலாளியின் சம்பளத்தில் கழிக்கக் கூடாது. அடுத்த பேச்சுவார்த்தையில் இதைக் கேட்போம். பிள்ளைகளின் காது நல்லாயிருக்கும்போதே கேட்போம்.