சாமி குத்தமா? கிருமிக் குத்தமா?

(போடிநாயக்கனூர் பொதுக்கூட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவின் சாரம்)



இன்று நான் பேச எடுத்துக் கொண்டது இருதய வால்வில் கிருமி பற்றும் வியாதியைப் பற்றியாகும். பகுத்தறிவுக் கூட்டத்தில் வைத்தியப் பேச்சு எதற்கு என்று சிலர் நினைக்கலாம். ஜுரம் விடாவிட்டால் பூசாரியைத் தேடிப் போகிற வழக்கம் இருக்கும்வரை வைத்தியமும் நமது பிரசாரத்தில் சேர்ந்ததேயாகும்.

போடிமெட்டுக்கு மேலே ஏலத்தோட்ட வேலைக்குப் போகிறவர்கள் இங்கு அனேகர் இருக்கிறீர்கள். மழைக்காலத்தில் ஏலச்செடியில் அழுகல் நோய் விழுந்தால் என்ன செய்கிறீர்கள்? முதலில் அழுகின காயையும் தட்டையையும் அறுத்து அப்புறப்படுத்துகிறீர்கள். பிறகு மயில்துத்தமும் சுண்ணாம்பும் சேர்ந்த போர்டோ கலவையை நோய் கண்ட இடத்திலேயே படும்படி அடிக்கிறீர்கள். பூசை போட்டாயிற்று, மருந்து வேண்டாம் என்று எந்தத் தோட்ட முதலாளியாவது சொன்னதுண்டா? ஏலக்காய்க்கு வந்தால் அறிவு; பெற்ற பிள்ளைக்கு வந்தால் திருநீறு! இது என்ன நியாயம்?

நமது இருதயத்தில் இரத்தம் முன்னே போய்ப் பின்னே திரும்பாதபடி தடுக்க நான்கு வால்வுகள், அதாவது கதவுகள் இருக்கின்றன. குழந்தைப் பருவத்தில் தொண்டைப் புண்ணும், அதைத் தொடர்ந்து மூட்டு வீக்கமும் ஜுரமும் வந்தவர்களில் பலருக்கு இந்தக் கதவு கெட்டுப் போகிறது. சொத்தைப் பல்லிலிருந்தோ புண்ணிலிருந்தோ இரத்தத்தில் கலந்த கிருமி அப்படிக் கெட்ட கதவின்மேல் ஒட்டிக் கொள்ளுகிறது. கட்டியாய் வளர்ந்து கதவையே அரிக்கிறது. அதில் ஒரு துணுக்கு பிய்ந்து மூளைக்குப் போனால் பக்கவாதம். வாரக்கணக்கில் விடாத ஜுரமும், குளிரும், இளைப்பும் இதனால்தான். இதைப் பார்த்துத்தான் ‘சாமி குத்தம்’ என்கிறான்.

பென்சிலின் வருவதற்கு முன் இந்த வியாதி கண்டவர்கள் அனேகமாய் எல்லோருமே செத்தார்கள். பக்தனும் செத்தான், நாஸ்திகனும் செத்தான். 1928-ல் பிளெமிங் கண்ட பென்சிலின், 1940-களில் வைத்தியத்துக்கு வந்த பிறகே பிழைக்கத் தொடங்கினார்கள்.

ஆனால் வால்வுக்குள் இரத்தக் குழாய் அனேகமாய்க் கிடையாது. கிருமிக் கட்டியின் நடுவில் ஊசி மருந்து எளிதில் ஏறுவதில்லை. அதனால்தான் நாலு வாரம், ஆறு வாரம் என்று நரம்பில் மருந்து ஏற்றுகிறார்கள். அப்படியும் ஏறக்குறையப் பாதிப் பேருக்கு ரண சிகிச்சை தேவைப்படுகிறது. இருதயத்தை நிறுத்தி, யந்திரத்தால் இரத்தத்தை ஓட்டி, அழுகிய பாகத்தை வெட்டியெடுத்துப் புது வால்வைத் தைக்கிறார்கள். அந்தச் சமயத்தில் சில டாக்டர்கள் சீழ் இருந்த குழியைக் கிருமிக்கொல்லி மருந்தால் கழுவுகிறார்கள். மருந்து ஊறிய கொலாஜன் பஞ்சை அங்கேயே வைக்கிறார்கள். அல்லது மருந்து கலந்த பசையைப் பூசுகிறார்கள். நீங்கள் தோட்டத்தில் செய்கிற அதே காரியந்தான்!

இது மட்டும் போதும் என்று அவர்கள் சொல்லவில்லை. வெட்டுவதும் வேண்டும், நரம்பில் ஏற்றும் மருந்தும் வேண்டும். இது கூடுதல் துணை. இதனால் எவ்வளவு நன்மை என்பதை இன்னும் ஆராய்ந்து கொண்டிருக்கிறார்கள். ‘இன்னும் நிச்சயப்படவில்லை’ என்று சொல்லுகிற யோக்கியதை விஞ்ஞானிக்கு இருக்கிறது. எந்தப் பூசாரிக்காவது இருக்கிறதா?

நம் மலைக்கு அந்தப்புறம் திருவனந்தபுரத்தில், சித்திரைத் திருநாள் வைத்திய ஸ்தாபனத்தில் டாக்டர் வலியத்தானும் அவர் கூட்டாளிகளும் நம் நாட்டிலேயே வால்வு செய்தார்கள். முதல் மூன்று மாதிரிகள் தோற்றன. நான்காவது ஜெயித்து, 1990 டிசம்பர் 6-ல் மனிதனுக்குப் பொருத்தப்பட்டது. இதுவரை லட்சத்துக்கும் மேல் பொருத்தியாயிற்று. தோற்றதை மறைக்காமல் திருத்தினதால் வந்த வெற்றி இது.

இன்னொன்றும் யோசியுங்கள். நேர்த்திக்கடன் என்று நாக்கிலும் கன்னத்திலும் அலகு குத்துகிறீர்கள். வாயில் கிருமிகள் ஏராளம். குத்தின வழியாய் அவை இரத்தத்தில் இறங்கும். வால்வு கெட்டவனுக்கு அந்த அலகே எமனாகலாம். நோய் தீர வேண்டிக் கொண்டு நோயையே உள்ளே குத்திக் கொள்ளுவதா?

ஆகவே தோழர்களே! பிள்ளைக்குத் தொண்டைப் புண்ணும் மூட்டுவலியும் கண்டால் டாக்டரிடம் காட்டுங்கள். வால்வு கெட்டது என்றால், அவர் சொல்லுகிற காலம் வரை மூன்று நான்கு வாரத்துக்கு ஒரு பென்சிலின் ஊசியைத் தவறவிடாதீர்கள். பல்லைச் சுத்தமாய் வையுங்கள். பல் பிடுங்கப் போனால் வால்வுக் கோளாறை முதலில் சொல்லுங்கள். இருதயக் கோளாறுள்ளவருக்கு ஜுரம் விடாவிட்டால் கடையில் கேட்டு மாத்திரை விழுங்காதீர்கள். அது கிருமியைக் கொல்லாமல் ஒளித்து வைக்கும். க.விலக்கு அரசாங்க ஆஸ்பத்திரிக்குப் போய், மருந்துக்கு முன் இரத்தப் பரிசோதனை செய்யச் சொல்லுங்கள். ரண சிகிச்சைக்குப் பணமில்லையே என்று கலங்க வேண்டாம். முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் வால்வு சிகிச்சையும் உண்டு. அது பிச்சையல்ல, உங்கள் வரிப்பணம்.

நான் சொன்னேன் என்பதற்காக எதையும் நம்ப வேண்டாம். உங்கள் அறிவைக் கொண்டு ஆராய்ந்து, சரியென்று பட்டால் நடந்து கொள்ளுங்கள்.