உயிர்களின் உள்நீர்



ஜீவராசிகள் தம் கழிவை எவ்வாறு வெளியேற்றுகின்றன, தம் சரீரத்தின் திரவங்களை எவ்வாறு நிலைகுலையாமல் காத்துக்கொள்கின்றன என்னும் இரு விஷயங்களையும் ஒருங்கே ஆராயக் கூடியுள்ள இம்மாநாட்டிற்குத் தலைமை தாங்கும்படி என்னைப் பணித்த அன்பர்களுக்கு என் மனமார்ந்த வந்தனம். கழிவு நீக்கத்தை முதலில் வைத்து, நீர்ச் சமநிலையை அதன் அனுபந்தம்போல் பின்னே சேர்த்துப் போதிக்கும் வழக்கம் நம் பாடநூல்களில் வேரூன்றியிருக்கிறது. அவ்வரிசை தலைகீழானது என்பதே நான் இன்று உங்கள் முன் வைக்க விரும்பும் கருத்து. சிறுநீரகமும் அதன் இனத்தைச் சேர்ந்த உறுப்புக்களும் முதன்மையாக நீரையும் உப்பையும் ஆள்வதற்கு அமைந்தவை. கழிவை அகற்றுவது அவ்வாட்சியோடு வந்து சேர்ந்த கடமை.

குளத்து நீரில் வாழும் அமீபாவை எடுத்துக்கொள்வோம். அதன் உடலில் விரிந்து சுருங்கும் நுண்குமிழைக் கழிவுறுப்பு என்று மாணவர்கள் மனப்பாடம் செய்கிறார்கள். ஆனால் அமீபாவின் கழிவான அம்மோனியாவோ உடற்பரப்பின் வழியே தானாகவே கரைந்து வெளியேறிவிடுகிறது. வெளிநீரைக் காட்டிலும் அடர்த்தி மிக்க உட்பொருளை உடைய காரணத்தால் இடைவிடாமல் உள்ளே புகுந்துகொண்டிருக்கும் நீரை இறைத்துக் கொட்டுவதே அக்குமிழின் வேலை. அதனால்தான் கடலில் வாழும் அமீபாக்கள் பலவற்றுக்கு அது இல்லாமலே வாழ்வு நடக்கிறது. நன்னீர் மீனிடத்தும் இதே உண்மையைக் காண்கிறோம். அதன் நைட்ரஜன் கழிவில் பெரும்பகுதி செவுள்களின் வழியே போய்விட, சிறுநீரகம் மிகுந்த நீரை மட்டும் ஏராளமாக வெளியே தள்ளிக்கொண்டிருக்கிறது. கடலின் எலும்பு மீனுக்கோ துன்பம் நேர்மாறானது. அதன் இரத்தத்தின் செறிவு கடல்நீரின் செறிவில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கேயாதலால், நீர் நடுவிலேயே அது நீரை இழந்து வாடுகிறது; ஆகையால் கடல்நீரைப் பருகி, உடன்வந்த உப்பைச் செவுள்களின் வழியே வெளியேற்றுகிறது. விலாங்கு மீனின் செவுளில் இப்பணியைச் செய்யும் தனி உயிரணுக்களை ஆன்சல் கீஸ் என்பவர் 1930களின் தொடக்கத்தில் எடுத்துக்காட்டினார்.

சிறுநீரகம் தன் தொழிலை எவ்வாறு நடத்துகிறது என்னும் கேள்வி எண்பது ஆண்டுக்கு மேலாக அறிஞர்களைப் பிரித்து வைத்த கேள்வியாகும். லண்டனில் 1842ஆம் ஆண்டு வில்லியம் பௌமன், இரத்த நுண்குழல் முடிச்சைச் சூழ்ந்திருக்கும் கிண்ணத்தை விவரித்து, அங்கே நீர் மட்டுமே கசிகிறதென்றும், கழிவுகளை அக்கிண்ணத்திலிருந்து நீளும் குழலின் சுவரே சுரக்கிறதென்றும் கருதினார். அதே பத்தாண்டில் ஜெர்மனியின் கார்ல் லுட்விக், இரத்தத்தின் அழுத்தத்தால் புரதம் நீங்கலாக அனைத்தும் வடிந்து, பின்னர் குழலில் நீர் மீட்கப்படுகிறது என்னும் சித்தாந்தத்தை நிறுவினார். வாதம் முடிவின்றி நீண்டது. ஏனெனில் எவரும் அக்கிண்ணத்துத் துளியைக் கையால் எடுத்துப் பார்த்ததில்லை. 1924இல் பிலடெல்பியாவில் வெர்ன், ரிச்சர்ட்ஸ் என்னும் இரு ஆராய்ச்சியாளர்கள், நுண்ணோக்கியின் அடியில், மயிரினும் மெல்லிய கண்ணாடி ஊசியைத் தவளையின் அக்கிண்ணத்துள் செலுத்தி அதன் திரவத்தை உறிஞ்சினார்கள். அத்துளியில் புரதம் இல்லை. சர்க்கரையும் உப்பும் இருந்தன. அதே தவளையின் மூத்திரப்பையிலிருந்த நீரிலோ சர்க்கரை இல்லை. முதலில் வடிவதும் பின்னர் மீட்கப்படுவதும் அந்த ஒரு துளியில் ஒருங்கே நிரூபணமாயின. இத்தனை எளிய பரிசோதனைக்கு இத்தனை பொறுமை வேண்டியிருந்ததை எண்ணும்போதெல்லாம் எனக்கு அவர்களிடத்துப் பக்தியே உண்டாகிறது. எனினும் பௌமனின் கூற்றும் முற்றிலும் பொய்யாகவில்லை. இரத்த முடிச்சுக்களே இல்லாத சில கடல் மீன்களின் சிறுநீரகமும் சிறுநீரைச் சுரப்பதை மார்ஷல் என்னும் ஆராய்ச்சியாளர் காட்டியபோது, குழலின் சுவருக்கும் சுரக்கும் சக்தி உண்டென்பது உறுதியாயிற்று.

மனிதனின் இரு சிறுநீரகங்களும் நாளொன்றுக்கு ஏறத்தாழ 180 லிட்டர் திரவத்தை வடித்து, ஒன்றரை லிட்டர் அளவை மட்டும் வெளியே விட்டு, எஞ்சியதை மீட்டுக்கொள்கின்றன. உடலில் இரத்த நீர் மூன்று லிட்டர் அளவே ஆதலால், அவ்வளவும் அறுபது முறை வடிகட்டப்படுகிறது என்றாகிறது. கழிவை மட்டும் தேடிப் பிடித்து எறிவதே நோக்கமாயின் இவ்வளவு பிரயாசை வீண். ஆனால் அனைத்தையும் வெளியே விட்டுப் பின்னர் வேண்டுவனவற்றை மட்டும் மீட்கும் இம்முறையால், இதுவரை உடல் அறிந்திராத நஞ்சும், அதை அடையாளம் காண வேண்டிய அவசியமின்றியே, மீட்பாரற்று வெளியேறிவிடக்கூடும். உப்பின் அளவையும் நீரின் அளவையும் கணந்தோறும் திருத்தவும் இயலுகிறது.

நைட்ரஜன் கழிவின் வடிவத்தைத் தீர்மானிப்பதும் நீரே. தலைப்பிரட்டை பெரும்பாலும் அம்மோனியாவாக வெளியேற்றியதை, நிலத்தில் ஏறிய தவளை யூரியாவாக மாற்றி வெளியேற்றுகிறது. ஓட்டுக்குள் அடைபட்ட குஞ்சுக்கோ கழிவைக் கரைத்து அனுப்ப இடமே இல்லை. ஆதலால் நீரில் எளிதில் கரையாத யூரிக் அமிலமாக அதை ஒதுக்கி வைத்துக்கொள்கிறது. கழிவுக் குழலின் அமைப்பிலும் நீரின் தேவை தெரிகிறது. லக்னோவில் நெடுங்காலம் பேராசிரியராக விளங்கிய கரம் நாராயண பாஹல், நம் நாட்டு மண்புழுவான பெரிடிமாவின் கழிவுக் குழல்களில் ஒரு பகுதி உடலுக்கு வெளியே திறவாமல் குடலுக்குள்ளேயே திறப்பதை 1919இல் வெளியிட்டார். குடலுக்குள் சென்ற நீரை மீண்டும் உறிஞ்சிக்கொள்ள இது வழியளிக்கிறது என்று அவர் கண்ட பொருள், வறண்ட கோடைகளைத் தாங்கும் நம் மண்ணுக்கு எவ்வளவு பொருத்தம்!

நீரும் உப்புமே முதன்மை என்பதற்கு நோயும் சான்று தருகிறது. சிறுநீரகம் செயலற்றுப் போனவர்கள் யூரியாவின் பெருக்கத்தால் மாத்திரம் மடிவதில்லை. பொட்டாசியம் ஏறி இருதயம் நின்றும், நீர் தேங்கி நுரையீரல் நிறைந்தும் மடிகிறார்கள். நெதர்லாந்து அந்நியர் வசத்தில் இருந்த 1943ஆம் ஆண்டு, காம்பன் நகரின் சிறு ஆஸ்பத்திரியில் வில்லெம் கோல்ஃப் என்னும் வைத்தியர், செல்லோபேன் குழலைச் சுழலும் உருளையில் சுற்றி, உப்புநீரில் அமிழ்த்தி, நோயாளியின் இரத்தத்தை அதனூடே செலுத்தினார். தொடக்கத்தில் அவர் முயன்றவர்கள் ஏறக்குறைய எல்லோரும் மாண்டனர். 1945இல் 67 வயது மூதாட்டி ஒருவர் மயக்கம் தெளிந்து கண் விழித்தார். அக்குழலைச் சூழ்ந்த நீரில் எந்த உப்பு எவ்வளவு இருக்கவேண்டும் என்னும் கணக்கே அவ்வியந்திரத்தின் உயிர்நாடி.

நம் பக்கத்தில் செய்ய வேண்டியது நிரம்ப உண்டு. பழவேற்காட்டு ஏரி, வடகிழக்குப் பருவமழையில் ஆற்றுநீர் பாய்ந்து நன்னீருக்கு அணுக்கமாகவும், கோடையில் கடலினும் உவர்ப்பாகவும் மாறும் நீர்நிலை. மடவை மீனும் இறாலும் நண்டும் இம்மாற்றத்தை ஆண்டுதோறும் தாங்கி வாழ்கின்றன. எவ்வளவு உவர்ப்பில் எந்த உறுப்பு எவ்வளவு உழைக்கிறது என்பதை, மேல்நாட்டு விலங்கைக்கொண்டு எழுதிய நூலிலிருந்து ஊகிப்பதை விட்டு, அந்த ஏரியின் கரையிலேயே அளந்து பார்க்க முற்படுமாறு இளைய ஆராய்ச்சியாளர்களை வேண்டிக்கொள்கிறேன். கட்டுரைகளை வாசிக்க வந்திருப்போர், தம் முடிவுகளோடு, தாம் பயன்படுத்திய நீரின் உவர்ப்பையும் வெப்பத்தையும் தவறாது குறிப்பிடுவார்களாக. அவையின்றி ஒருவர் கண்டதை மற்றொருவர் ஒப்பிட வழியில்லை. இவ்வளவோடு என் உரையை நிறுத்தி, முதல் கட்டுரையாளரை அழைக்கிறேன்.